பூட்டிய யன்னலும் பெல்லட் அடுப்பும்

புது அடுப்பு வந்த இரண்டாம் கிழமையே அதன் கண்ணாடி கறுத்துப்போனது. பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த விரல்நுனி அளவுக் குச்சி. கடையில் காட்டிய அடுப்பு அதைத் தின்று வெள்ளைச் சுடராய், நிமிர்ந்து, துடிப்பாய் எரிந்தது. எங்கள் வீட்டில் அதே அடுப்பு சோம்பேறித்தனமாய்ச் சிவந்து ஆடியது. கண்ணாடி முழுக்கக் கரி பூசியது போதாதென்று அறைக்குள் ஒரு புகை மணத்தையும் விட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த அடுப்பு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது நான்தான். ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் கீழ்த்தளம் எப்போதும் குளிர். என் கணவர் இருபது வருஷம் உணவகக் குசினிகளில் நின்று நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர், மூச்சு இழுக்கும் முட்டு வருத்தக்காரர். போன குளிர்காலம் ஆஸ்பத்திரியால் வந்த பிறகு மேலே படுக்கையறையை விட்டு இறங்குவதை நிறுத்திவிட்டார். சாப்பாடு மேலே, தொலைபேசி மேலே, ஊர்ப் புதினமெல்லாம் மேலே. கீழே நானும் சோபாவும். பிள்ளைகள் இருவரும் வேறு நகரங்களில். வேலை முடிந்து வந்து தனியே கோப்பை போட்டுச் சாப்பிடுவது எனக்குச் சீ என்று போனது. அவரைக் கீழே கொண்டுவந்து என் பக்கத்தில் இருத்த வேண்டும். அடுப்பு அதற்காகத்தான்.

சுத்தமாக எரிந்தால் அறைக்குள் புகை வராது என்று கடைக்காரர் சொன்னார். என் கணவருடைய டொக்டரும், "சுத்தமாக எரிந்தால் மட்டும்" என்று அழுத்திச் சொன்னார்.

முதல் சனிக்கிழமை இவர் இறங்கி வந்து அடுப்புக்கு முன்னால் இருந்தார். கால் மணித்தியாலம் ஆகவில்லை, இருமத் தொடங்கிவிட்டார்.

"உம்மடை அடுப்பு எனக்குச் சரிவராது. நான் மேலை போறன்."

"கொஞ்ச நாள் பொறுங்கோ. நான் சரிப்பண்ணிக் காட்டுறன்."

"அடுப்பையோ, என்னையோ?"

"ரெண்டு பேரையும்."

சொல்லிவிட்டேன், பிறகு விட முடியுமா? நிலவறையில் பெல்லட் மூட்டைகள் ஈரம் பிடித்திருக்கும் என்று நினைத்து வேறு மூட்டை எடுப்பித்தேன். தீ எரியும் சின்ன இரும்புக் கிண்ணத்தை நாள்தோறும் வெளியே எடுத்து, அதன் துளை ஒவ்வொன்றையும் குச்சியால் குத்திச் சுத்தமாக்கினேன். சாம்பலை உறிஞ்சி எடுத்தேன். கதவின் ரப்பரைத் தடவித் தடவிப் பார்த்தேன். அடுப்பைப் பொருத்தினவரை இரண்டு முறை கூப்பிட்டேன். அவர் வந்து நிற்கும்போது சனியன் பிடித்த அடுப்பு நல்ல பிள்ளையாய் எரிந்து காட்டியது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் கூனிக் குறுகிப்போனேன். முதியோர் இல்லத்தில் எத்தனையோ அடம்பிடிக்கிறவர்களைக் குளிப்பாட்டிச் சாப்பிட வைக்கிறவள் நான். ஒரு இரும்புப் பெட்டியிடம் தோற்பதா?

ஒருநாள் மேலேயிருந்து இவர் சொன்னார்: "நீர் வேலைக்குப் போற நாளிலை அது நல்லா எரியுது. நான் இறங்கிப் பாக்கிறனான். நீர் நிக்கிற நாளிலைதான் புகையுது. உம்மைக் கண்டால் அதுக்குப் பிடிக்கேல்லைப் போல."

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் நலத்துக்காக நான் மாய்கிறேன், இவர் கட்டிலில் இருந்து நக்கலடிக்கிறார். அன்று முழுக்க நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அந்தச் சொல் காதை விட்டுப் போகவில்லை. நான் வீட்டில் நிற்கும் நாளில் மட்டும் நடப்பது என்ன? சமையல்.

அடுத்த சனிக்கிழமை கதிரையை அடுப்புக்கு முன்னால் போட்டுக் காவல் இருந்தேன். காலை முழுக்கச் சுடர் வெள்ளை. மத்தியானம் எழும்பிப்போய் நண்டுக் கறிக்குத் தாளிக்கத் தொடங்கினேன். திரும்பி வந்து பார்த்தால் சுடர் சிவந்து தொங்கிக்கொண்டிருந்தது. குசினிக்குப் போய், சமையலடுப்புக்கு மேலே புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் பெட்டியை நிறுத்தினேன். அதை நாங்கள் அப்சூக் என்போம். நிறுத்தினதும் சுடர் எழும்பியது. போட்டேன், விழுந்தது. நிறுத்தினேன், எழும்பியது. கறி அடிப்பிடிக்கும் வரை நான் குசினிக்கும் வரவேற்பறைக்கும் ஓடினேன்.

அந்த அப்சூக்குக்கு ஒரு கதை இருக்கிறது. முன்பு நாங்கள் வாடகைக்கு இருந்த மாடிவீட்டில், வந்த புதிதில், யன்னலைத் திறந்து வைத்துத் தூளுக்கு மிளகாய் வறுத்தேன். அடுத்த நாள் படிக்கட்டுச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இப்படிப்பட்ட மணங்களை இந்தக் கட்டடத்தில் தவிர்க்கவும் என்று டைப் அடித்திருந்தார்கள். பெயர் போடவில்லை. போடத் தேவையும் இல்லை, அங்கே மிளகாய் வறுக்கிறது வேறு யார்? அன்று பூட்டிய யன்னலை நான் சமைக்கும்போது திறந்ததே இல்லை. இருபத்தைந்து வருஷம். சொந்த வீடு வாங்கியதும் இவர் செய்த முதல் வேலை, கடையில் இருந்ததிலேயே பலமான அப்சூக்கை எனக்குப் பூட்டித் தந்ததுதான். எல்லா யன்னலும் பூட்டி, அதை முழு வேகத்தில் போட்டு நான் சமைத்தேன். வீட்டுக் காற்றையெல்லாம் அது உறிஞ்சி வெளியே தள்ள, பாவம், அடுப்புக்கு மூச்சு விடக் காற்றில்லை. அதற்கும் முட்டு.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அடுப்பைப் பார்த்துக் கையெழுத்துப் போட வந்த புகைபோக்கி அதிகாரி, கறுப்புச் சட்டைப் பெண், என்னிடம் நேராகக் கேட்டிருந்தார்: காற்றை வெளியே இழுக்கும் கருவி ஏதும் வீட்டில் உண்டா? குசினிப் பேச்சு எடுத்தால் கறி மணப் பேச்சு வரும் என்ற பயத்தில் நான் இல்லை என்றேன். குசினிக் கதவும் சாத்தியிருந்தது. அவர் நம்பிவிட்டார்.

மேலே ஏறிப்போய் இவரிடம் சொன்னேன். "பிழை என்னிலைதான். அடுப்புப் பாக்க வந்த அந்தப் பிள்ளைக்கு நான் பொய் சொல்லிப்போட்டன்."

"அப்சூக்கைப் பூட்டினது நான்தானே," என்றார் இவர். பிறகு, "விடும். அடுப்பை நிப்பாட்டுவம். எனக்கு மேலை பழகிட்டுது."

பழகிவிட்டதாம். அந்தச் சொல்தான் எனக்கு ஏலாமல் போனது. "எனக்குப் பழகேல்லை," என்று சொல்லிவிட்டு இறங்கிவந்து, அடுப்பை அணைத்து, திங்கட்கிழமை அந்த அதிகாரியிடம் மறுபடி வர ஒரு டெர்மீன், நாளும் நேரமும், கேட்டேன்.

வந்தவரிடம் குசினிக் கதவை நானே திறந்து காட்டினேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கரி சின்ன விஷயம், மணமே இல்லாத நச்சுவாயு அறைக்குள் வந்திருக்கும், நெஞ்சு வருத்தக்காரர் உள்ள வீடு என்று நிதானமாகச் சொன்னார். குசினி யன்னலில் ஒரு ஆளி, அதாவது சுவிட்ச், பொருத்த வேண்டும், யன்னல் திறந்திருந்தால் மட்டும் அப்சூக் வேலை செய்யும் என்றார். வேறு வழி இல்லையா என்று கேட்டேன். அப்சூக்கைக் கழற்றலாம் என்றார்.

ஆளி பூட்டிய பிறகு அவர் மறுபடி வந்து அளந்து கையெழுத்துப் போட்டார். அந்தச் சனிக்கிழமை கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்து அடுப்பை மூட்டினேன். இவர் கம்பளியைச் சுற்றிக்கொண்டு இறங்கி வந்து, பெரிய நம்பிக்கை இல்லாத முகத்தோடு முன்னால் இருந்தார். நான் யன்னலைத் திறந்து, அப்சூக்கைப் போட்டு, செத்தல் மிளகாயைத் தாளிதத்தில் போட்டேன். முதுகில் குளிர் அறைந்தது. வரவேற்பறையில் சத்தம் கேட்டுக் கரண்டியோடு ஓடினேன்.

"புகையோ?"

"இல்லை. மிளகாய்," என்று சொல்லி இன்னொரு முறை தும்மினார். அவருக்கு முன்னால் சுடர் வெள்ளையாய் நிமிர்ந்து நின்றது.

நான் திரும்பிக் குசினிக்குள் வரும்போது, வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டு யன்னல் டக்கென்று பூட்டுப்பட்டது. என் கை தானாக எங்கள் யன்னல் பிடிக்குப் போனது.

"இஞ்சை," என்று பக்கத்து அறையில் இருந்து அவர் கூப்பிட்டார். "சாப்பாட்டை மேலை கொண்டு போகாதையும். இஞ்சையே போடும், ரெண்டு பேருக்கும்."

"ஓம், போடுறன்," என்றேன். யன்னலை இன்னும் அகலத் திறந்துவிட்டு இரண்டு கோப்பைகளை எடுத்தேன்.