சீல் வைத்த ஷூவும் அதோடு கட்டிய டிஸ்க்கும்

நான் ஐந்தாவதோடு நின்றவன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷெட்டில் ஆட்டுத்தோலின் முடி சுரண்டத் தொடங்கியவன், இன்று ஷூவின் மேல்பாகம் தைக்கும் கம்பெனிக்கு முதலாளி. பன்னிரண்டு கம்ப்யூட்டர், எல்லாவற்றிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். யாரும் போட்டுத் தரவில்லை. இங்கிலீஷ் எழுத்தைப் படம் மாதிரி மனப்பாடம் பண்ணி நானே போட்டேன். இப்படி இன்னொரு முதலாளியை எங்கள் ஊரில் காட்டுங்கள், பார்க்கலாம்.

அந்தப் பன்னிரண்டு போக, ஸ்டோர் ரூமில் ஒரு கம்ப்யூட்டர் தனியாக இருக்கிறது. வெளியிலிருந்து எந்த சாஃப்ட்வேர் வந்தாலும் முதலில் அதில்தான் இறங்கும். பிறகு பன்னிரண்டில் ஒன்றில் மட்டும் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பேன். சரியாக இருந்தால்தான் மற்றவை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். எங்கள் தொழிலே அப்படித்தானே? வாங்குபவர் ஒரு ஜோடி சாம்பிள் ஷூவுக்குச் சீல் வைத்து அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டால், ஆர்டர் முடியும்வரை நூலின் நிறம்கூட மாறக் கூடாது. அந்த ஷூவுக்குத் தோல் வெட்டிய மெஷினை ஓட்டும் சாஃப்ட்வேரையும் ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்து, ஷூவோடு சேர்த்துக் கட்டி பீரோவில் வைப்பேன்.

போன வருஷம் சேர்த்த மேனேஜர் அதைப் பார்த்துச் சிரித்தான். பெரிய படிப்புப் படித்தவன். "இன்னா பாய், ஷூவுக்கும் டிஸ்க்குக்கும் நிக்காவா?"

வேலூரில் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கு மூன்று நாள் போய்வந்தேன். திங்கட்கிழமை காலை உள்ளே நுழைந்தால் கம்பெனியில் சத்தமே இல்லை. தோல் வெட்டும் மெஷின் நிற்கிறது. துண்டு வராததால் தையல் பெண்கள் நாற்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வியாழக்கிழமை சரக்கு ஏறாவிட்டால் ஆர்டர் போய்விடும். அந்த சீசன் முழுக்க அவர்களுக்கு வேலை கிடையாது.

மேனேஜரைப் பிடித்தேன். "இன்னாய்யா பண்ணி வெச்ச?"

"அப்டேட்தான் பாய். எல்லா சிஸ்டத்தையும் நேரா நெட்டுக்கு மாத்தி வுட்டேன். புதுசு ஏறுச்சி, நம்ம கட்டிங் மெஷினு அதுக்குத் தெரிய மாட்டேங்குது."

"ஸ்டோர் ரூம்ல பழசு இருக்குமே, எறக்கு."

"இடம் பத்தலன்னு அழிச்சிட்டேன் பாய். பழைய குப்பைதானேன்னு..."

எனக்கு உச்சி மண்டை சுட்டது. வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. தையல் பெண்களில் மூத்தவள் வேறு குரல் கொடுத்தாள்: "திட்டாதீங்க பாய், படிச்சவரு. நாளைக்கு எங்க தையல் மெஷினையும் அப்டேட் பண்ணிக் குடுப்பாரு."

பீரோவைத் திறந்து அந்த ஆர்டர் ஷூவோடு கட்டிய டிஸ்க்கை எடுத்தேன். அவனை ஓரமாக நிற்க வைத்துவிட்டு, நானே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். நகலை ஸ்டோர் ரூம் கம்ப்யூட்டரில் ஏற்றி, பன்னிரண்டையும் திரும்ப அதன் பக்கம் திருப்பி, பழசையே இறக்கினேன். சாப்பாட்டு மணிக்கு முன்னால் வெட்டும் மெஷின் ஓடியது.

வியாழக்கிழமை சரக்கும் ஏறியது. அதனால் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். சனிக்கிழமை ஒரு சாம்பிள் அட்டையை எடுத்து ஸ்டோர் ரூம் கம்ப்யூட்டரில் கட்டினேன். இனி எதை ஏற்றினாலும், எதை அழித்தாலும் முதலில் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை அவனிடம் நீட்டினேன்.

"கம்ப்யூட்டருக்கு எதுக்கு பாய் கையெழுத்து?"

"கம்ப்யூட்டருக்கு இல்ல. சும்மா ஒக்காந்துனு இருந்தாங்களே நாப்பது பேரு, அவுங்களுக்கு."

போட்டான்.