தையல் மெஷின் பக்கத்தில் ஒரு குட்டிப் பனை

கெசியா கை வைத்த செடி எதுவும் பிழைத்ததில்லை. ரோஜா வைத்தாள், குச்சிதான் மிஞ்சியது. பிச்சிக்கொடி ஜன்னல் கம்பியைத் தொடுமுன்னே பழுத்து உதிர்ந்தது. கிள்ளி நட்டாலே பிடித்துக்கொள்ளும் கற்பூரவல்லிகூட அவளிடம் வந்து உயிரை விட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

தச்சநல்லூரில், எதிரே ஆள் வந்தால் ஒருக்களித்து வழி விட வேண்டிய சந்து அது. மாடியில் வீட்டுக்காரி விஜயஸ்ரீ. கீழே வாடகைக்குக் கெசியாவும் புருஷன் மணிராஜும். முன்னறையில் அவளுடைய தையல் மெஷின். நட்ட நடுப்பகலிலும் டியூப் லைட் போட்டால்தான் ஊசியில் நூல் ஏறும். செடி சாவதற்கு வேறு காரணம் தேட வேண்டுமா? ஆனால் ஊர் வாயை யார் மூடுவது? "கெசியாவுக்குக் கைராசி இல்லை" என்று முடித்துவிட்டார்கள்.

சொன்னால் சொல்லட்டும் என்று அவளும் விட்டிருப்பாள், பிழைப்பில் வந்து இடித்திராவிட்டால். பிளவுஸ் தைப்பதில் அவளை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆளில்லை. அன்றாடத் துணி மூட்டை மூட்டையாக வரும். முகூர்த்த பிளவுஸ் மட்டும் ஒன்றுகூட வராது. கல்யாணப் பெண் மணவறையில் உடுத்துவதற்குக் கைராசிக்காரியைத்தானே தேடுவார்கள்! மாடி வீட்டில் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதிலிருந்து கெசியாவுக்கு ஒரே ஆசைதான். அந்த பிளவுஸையாவது தான் தைக்க வேண்டும். வாய் திறந்து கேட்க மானம் விடவில்லை.

விஜயஸ்ரீயைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். தங்கமான மனுஷி. அவளுடைய மொட்டைமாடியில் செம்பருத்தியும் மல்லிகையும் பூத்துத் தள்ளும். "என் கை பட்டா விளக்குமாறும் துளுக்கும் பாத்துக்கோ" என்று வாய் நிறையச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் சூது கிடையாது. அதனாலேயே கெசியாவுக்குக் கூடுதலாக வலித்தது.

மணிராஜ் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரு சித்திரை மாதம், நர்சரிக்கு லோடு ஏற்றிப் போன இடத்தில், தொட்டி உடைந்த குட்டிப் பனை ஒன்றைச் சும்மாவே கொடுத்தார்கள். இடுப்பு உயரம்கூட இல்லை. மெல்லிய தண்டுகள் கூட்டமாக நின்றன, ஒவ்வொன்றிலும் விசிறி விசிறியாக ஓலை.

"லேடி பாம்னு சொல்லுதாவ. வீட்டுக்குள்ள வைக்கணுமாம்."

இரண்டு பேருக்கும் சொந்த ஊர் ராதாபுரம் பக்கம். பனையைப் பற்றி அவர்களுக்கு யாராவது சொல்லித் தர முடியுமா? பொட்டல் வெயிலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காமல் நிற்கிற பனைகளுக்கு நடுவில் பிறந்தவர்கள் ஆயிற்றே!

"பனைய எவனாவது வீட்டுக்குள்ள வைப்பானா? வெயிலுதான் அதுக்குச் சோறு" என்றாள் கெசியா.

"சரியாச் சொன்னட்டி" என்று மணிராஜ் அதை ஒரு பழைய வாளியில் நட்டு மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்தான். சில நாளிலேயே ஓலையெல்லாம் அடுப்பில் வாட்டியதுபோல் கருகிவிட்டது.

"அடப்பாவமே, ராதாபுரத்துக்காரிக்குப் பனைகூட வரலையே!" என்று விஜயஸ்ரீ உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

"சவத்தத் தூரப் போடு" என்றான் மணிராஜ்.

கெசியாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "செத்தா எங் கண்ணு முன்னாலயே சாவட்டும்" என்று வாளியைத் தூக்கி வந்து மெஷின் பக்கத்தில் வைத்தாள். குடித்த தண்ணீரில் மிச்சத்தை ஊற்றினாள். பொழுது போகாதபோது வெட்டுத்துணியால் ஓலையைத் துடைத்தாள். அதற்கு மேல் ஒரு சிசுருஷையும் இல்லை.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், தண்டில் ஏதோ பச்சைத் துணித் துண்டு ஒட்டியிருக்கிறது என்று பிய்க்கப் போனாள். துணி இல்லை. குருத்து!

அவள் போட்ட சத்தத்தில் மணிராஜ் சோற்றுக் கையோடு ஓடிவந்தான். "என்னட்டி, விரல்ல ஊசி ஏறிட்டா?"

அன்றிலிருந்து அந்த மூலையில் பச்சைதான். அளவு கொடுக்க வந்த பெண்களெல்லாம் முதலில் பனையை விசாரித்துவிட்டுத்தான் பிளவுஸை எடுத்தார்கள். மாசியில் விஜயஸ்ரீயே இறங்கி வந்து பக்கக்கன்று ஒன்று கேட்டாள். கெசியா பிரித்துக் கொடுத்தாள்.

"வெயில்ல மட்டும் வச்சிராதீங்க அக்கா."

"செடி வைக்க எனக்கே சொல்லித் தாரியா?" என்று சிரித்துக்கொண்டே விஜயஸ்ரீ மாடியேறினாள்.

பங்குனி வெயில் ஆள் பார்த்தா அடிக்கும்? ஒரு மத்தியானம் விஜயஸ்ரீ முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு பைய இறங்கி வந்தாள். உள்ளே தொட்டி. கன்று கருகிக் கிடந்தது.

"கெசியா, யார்ட்டயும் சொல்லிராதட்டி."

கெசியா உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை, சிரித்துவிட்டாள். விஜயஸ்ரீக்கும் அடக்க முடியவில்லை. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கன்று தாய்ப்பனையின் பக்கத்தில் இடம் பிடித்தது.

வைகாசியில் மாடி வீட்டு மகளுக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் ஒரு காலையில் விஜயஸ்ரீ அரக்குப் பட்டுத் துணியை மெஷின் மேல் வைத்தாள். "முகூர்த்தத்துக்கு. நீதான் தைக்கணும்."

கெசியா இரண்டு கையாலும் துணியைத் தடவிப் பார்த்தாள். ஆனாலும் மனது கேட்கவில்லை. "அக்கா, உங்க கன்னு இன்னும் துளுக்கலியே?"

"அதக் கருக்குனது என் கை. இதத் தைக்கப் போறது உன் கைல்லா? வெயிலடிக்க மாடில பூக்கது பெரிய கைராசியாட்டி? பேசாம வெட்டு."

கெசியா கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தாள்.

மண்டபத்தில் மணமேடை ஓரமாக, வெயில் படாத இடத்தில், அலங்காரத்துக்கு வந்த குட்டிப் பனையும் நின்றது. வாசலில் வைக்கப் பார்த்தவர்களோடு சண்டை போட்டு அதை உள்ளே கொண்டுவந்தவள் கெசியாதான். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி, "பிளவுஸ் யாரு தைச்சது?" என்று கேட்டாள்.

நாதஸ்வரத்தையும் மீறி விஜயஸ்ரீயின் குரல் கேட்டது. "எங்க கீழ்வீட்டுக் கெசியா! அன்னா, பனைகிட்ட நிக்காளே, அவதான். நல்ல கைராசிக்காரி!"

கெசியா அந்தப் பக்கமே திரும்பவில்லை. சேலைத் தலைப்பால் பனையோலையைத் துடைத்தாள். தூசி இல்லாத ஓலையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டே நின்றாள்.