உப்புத் தண்ணீரில் ரோஜா வளர்த்த கதை

1. இலை கருகிய காலை

வேலைக்குப் போனபோது முன்வரிசை ரோஜாக்கள் எல்லாவற்றிலும் இலையோரம் கருகியிருந்தது. முந்தின வாரம்தான் புதுத்துளிர் விட்ட செடிகள்.

திருத்துறைப்பூண்டி போகும் சாலையில் இருந்த அந்த நர்சரி ஜமால் பாயுடையது. வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து, சேர்த்ததையெல்லாம் அதில் போட்டிருந்தார். நான் அங்கே மேற்பார்வை. பதியன் போடுவது, பை நிரப்புவது, தண்ணீர் விடுவது எல்லாம் என் பொறுப்பு.

"வெயில் தாங்கல போலிருக்கு செல்விம்மா. ஷேட் நெட் போட்டுடுவோம்" என்றார்.

"ரோஜாவுக்கு அரை நாளாவது நேர் வெயில் வேணும் பாய். நிழல்ல வச்சா மொட்டு வராது."

"இப்படியே விட்டா செடியே இருக்காதே."

நெட் போட்டோம். செடிகள் வெளிச்சம் தேடி ஒல்லியாக நீண்டன. மொட்டு நின்றது, கரும்புள்ளி வந்தது. கருகுவது மட்டும் நிற்கவில்லை. தண்ணீர் போதாமல் காய்கிறதோ என்று தண்ணீரைக் கூட்டினோம். இன்னும் மோசமானது.

2. தண்ணீர்

ஒரு நாள் பைகளின் மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்தேன். எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு. பாய் எங்கள் போர்வெல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். லேபிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"இந்தத் தண்ணி ரோஜாவுக்கு ஆகாதுங்க. கடல் தண்ணி நிலத்தடியில உள்ள வந்துக்கிட்டிருக்கு. உங்க போர் மட்டும் இல்லீங்க, அந்தப் பக்கத்துலேருந்து சோதனைக்கு வர்ற தண்ணியெல்லாம் இப்படித்தான் இருக்கு."

மண்ணில் உப்பு ஏறிவிட்டால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது என்று விளக்கினாள். ஈரத்திலேயே நின்று செடி தாகத்தில் கருகும். நாங்கள் ஊற்றிய ஒவ்வொரு குடமும் உப்பைத்தான் சேர்த்திருக்கிறது.

வாய்க்காலில் ஆற்றுத் தண்ணீர் ஓடியவரை தப்பித்தோம். மோட்டார் வைத்து இறைத்து, பையின் அடியில் வழிந்தோடும்படி விட்டு உப்பைக் கழுவினோம். நெட்டைப் பிரித்தோம். துளிர் வந்தது, மொட்டும் வந்தது. பாய் வீட்டிலிருந்து எல்லோரையும் கூட்டிவந்து காட்டினார்.

பிறகு அணையை மூடி ஆற்றில் தண்ணீரை நிறுத்தினார்கள். வாய்க்கால் காய்ந்தது. லாரித் தண்ணீர் எல்லாச் செடிக்கும் காணாது. பதியன் எடுக்கும் தாய்ச்செடிகளை மட்டும் காப்பாற்றுவது என்று முடிவு செய்தோம். மற்ற வரிசைகளுக்குப் போகும் குழாயை நான்தான் மூடினேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கமாக நடக்காமல் சுற்றிப் போனேன்.

அந்த நாட்களில் வசந்தா டீச்சர் வந்தார். எங்களிடம் வாங்கிய ரோஜாச்செடி பட்டுப்போய்விட்டது என்றார்.

"நல்ல வெயில்லதான் வச்சேன். தினமும் காலையில வேர்ல பார்த்துத்தான் ஊத்துனேன். என்ன தப்பு பண்ணேன்னு தெரியலீங்க."

"தப்பு ஒண்ணும் பண்ணல டீச்சர். உங்க வீட்டுலயும் போர் தண்ணியா?" என்றார் பாய்.

"ஆமாங்க."

"அப்ப ரோஜா வேணாம். அரளி வைங்க, உப்பைத் தாங்கும்."

டீச்சர் தாய்ச்செடிகளைப் பார்த்தார். "அரளிக்காக நான் வரலீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோடையில் லாரித் தண்ணீரும் கிடைக்காமல் தாய்ச்செடிகளும் போயின. பாய் மறுபடி விசாவுக்கு எழுதிப்போட்டார். கிளம்புவதற்கு முன்பு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"அங்க இருந்தப்ப எனக்கு ரோட்டோரப் பூச்செடிக்குத் தண்ணி விடுற வேலை செல்விம்மா. கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்கி ஊத்துவோம். நம்ம ஊர்ல ஆறே ஓடுதேன்னு நெனச்சுதான் வந்தேன்."

நான் கொடுத்த டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

இப்போது குடவாசல் பக்கம் வேறொரு நர்சரியில் வேலை பார்க்கிறேன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ரோஜா கேட்டு வருகிறவரிடம் வெயில் விழுமா என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடாதீர்கள். எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். வெயிலுக்கு இடம் மாற்றி வைக்கலாம். தண்ணீர் உப்பு என்று அவர் சொன்னால், அதற்கு மேல் என்ன சொல்வது என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.