பத்தாவது கையொப்பம்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் கலைக் கல்லூரியில் பட்டப்படிப்பு மாணவிகளுக்கு வணிக முகாமைத்துவம் தொடங்குகிறார்கள் என்று அறிவித்தல் ஒட்டிய நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தப் பாடமும் நான் படிப்பித்த அளவையியல் என்ற தர்க்கப் பாடமும் ஒரே நேரத்தில். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம். பத்துப் பேர் சேராவிட்டால் உங்கள் வகுப்பு நடக்காது என்று அதிபர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சேர்ந்தது ஒன்பது பேர்.

கடை நடத்தப் பழக்கவா கல்லூரி என்று ஆசிரியர் அறையில் கத்தினேன். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இன்னும் படிவம் கொடுக்காமல் இருந்தவள் ஒருத்திதான். கொட்டாஞ்சேனைப் பிள்ளை. முதல் வருடத்தில் கேள்வி கேட்டே என்னை மடக்கியவள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். வியாழன் பின்னேரம் குடையைக்கூட எடுக்காமல் அவள் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். காலி வீதி நெரிசலில் பஸ் நின்றபோதெல்லாம் இறங்கி நடந்துவிடலாமா என்றிருந்தது.

அவளுடைய அப்பா துறைமுகத்தில் கிளார்க். வேலையால் வந்து சேர்ட்டைக்கூட மாற்றவில்லை. கதிரையைத் துடைத்து என்னை இருத்தினார்.

“மிஸ், முகாமைத்துவம் படிச்சா பாங்கில எடுப்பாங்க எண்டு சொல்றாங்க. உங்கட பாடத்துக்கும் வேலை கிடைக்குமா?”

“ஓம், கட்டாயம். யோசிக்கத் தெரிஞ்ச பிள்ளையை எந்தக் கந்தோரும் விடாது” என்றேன். அப்படி வேலை கிடைத்த ஒருத்தியையும் எனக்குத் தெரியாது.

“மிஸ் சொன்னாச் சரி” என்று பேனையை மகளிடம் நீட்டினார். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையொப்பம் வைத்தாள்.

வென்ற சந்தோஷம் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. பக்கத்து அறையில் முகாமைத்துவ வகுப்பு சிரிக்கும்போதெல்லாம் என் கண் அவளிடம் போகும். அவள் குனிந்து எழுதிக்கொண்டிருப்பாள். எனக்குத்தான் வசனம் பாதியில் அறுந்துபோகும்.

மூன்றாம் வாரம் போலி நியாயங்கள் படிப்பித்தேன். சொல்பவர் மதிப்பான ஆள் என்பதற்காக மட்டும் ஒன்றை உண்மை என்று எடுத்துக்கொள்வதும் பிழைதான் என்று விளக்கிவிட்டு உதாரணம் கேட்டேன். அவள் கையை உயர்த்தினாள்.

“எங்கட அப்பா, மிஸ். நீங்க சொன்னதால வேலை கிடைக்கும் எண்டு நம்பினார்.”

அவள் குத்திக்காட்டவில்லை. பாடம் விளங்கிய சந்தோஷம்தான் அந்தக் குரலில் இருந்தது. “சரியான உதாரணம்” என்றேன். வெட்கத்தில் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாடம் மாற்ற அந்த வாரம் வரை தவணை இருந்தது. வகுப்பு முடிந்ததும் அவளை அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், மாற்றுப் படிவத்தில் முதலில் நான் கையொப்பம் வைத்துக் கொடுத்தேன். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்பாட்ட என்ன சொல்ல, மிஸ்?”

“மிஸ் அண்டைக்குப் பொய் சொன்னவ எண்டு சொல்லும்.”

திங்கட்கிழமை அதிபர் என் வகுப்புப் பட்டியலை எடுத்து எண்ணத் தொடங்கினார். எண்ணவேண்டாம், ஒன்பதுதான் என்றேன்.