ரிலீவர் வந்தாச்சு

எங்கள் தொழிலில் ‘நீ போகலாம்’ என்று சொல்ல அடுத்த ஷிஃப்டுக்கு வரும் நர்ஸுக்குத்தான் அதிகாரம். பெரிய டாக்டரே சொன்னாலும் செல்லாது. அந்த நர்ஸை ரிலீவர் என்போம். அவள் வந்து, படுக்கை படுக்கையாக என்னோடு நடந்து, யாருக்கு என்ன மருந்து போனது, யாருக்கு டிரிப்ஸ் ஓடுகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஓவர் எடுப்பது என்று அதற்குப் பெயர். எடுத்து முடித்து நோட்டில் கையெழுத்துப் போட்டால்தான் நான் வெளியே கால் வைக்கலாம். அவள் வரவில்லை என்றால் நானும் அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷமாகக் கிடக்கிறேன். வீடு திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நடுவில் ஐந்து பாலம், பஸ்ஸில் முக்கால் மணி நேரம், அவ்வளவுதான். எதிர்வீட்டு அண்ணன் துபாயில் இருக்கிறார். இன்ன தேதிக்கு வருகிறேன் என்றால் டாண் என்று வந்து நிற்பார். நான் இந்த ஐந்து பாலத்தைத் தாண்டிச் சொன்ன நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்த நாள் என் நினைவில் இல்லை.

அந்த அண்ணனின் மனைவிதான் என் மகளைப் பார்த்துக்கொள்கிறார். எனக்கு அக்கா, மகளுக்குப் பெரியம்மா. பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்ட வீடு, ஒரு வாண்டு இருந்தால் நன்றாகத்தான் இருக்கிறது என்பார். நான் பஸ் இறங்கி வந்ததும் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்.

“காலைல ரெண்டு தோசை. மத்தியானம் சோறு பாதிதான் எறங்குச்சு. மூக்கு லேசா ஒழுவுது, தைலம் தடவிருக்கேன். ஒரு மணி நேரம் தூங்குனா.”

“அக்கா, நீங்க எங்க ஆஸ்பத்திரில சேந்துருங்க. எங்க பொண்ணுங்ககூட இவ்ளோ அழகா ஓவர் குடுக்க மாட்டாளுங்க” என்று கிண்டல் செய்வேன். மகள் இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

மூன்று வயது முடிந்தவள். நான் போனில் அவளிடம் அதிகம் சொன்ன வாக்கியம் ‘ரிலீவர் இன்னும் வரலடி தங்கம்’ என்பதாகத்தான் இருக்கும். ரிலீவர் என்பது ஒரு ஆள், அம்மாவைப் பிடித்து வைத்துக்கொள்கிற ஆள் என்றே அவள் நினைத்திருந்தாள். ஒருநாள் சோறு ஊட்டும்போது, “ரிலீவருக்கு மீசை இருக்காம்மா?” என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. “இல்லடி. அம்மா செய்யற வேலைய, அம்மாவுக்குப் பதிலா வந்து செய்யறவங்க. அவங்க வந்துட்டா அம்மா போலாம்” என்று விளக்கினேன். தலையைத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

அந்த வருஷம் விஜயதசமிக்கு அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாக இருந்தது. தாம்பாளத்தில் நெல்லைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து முதலெழுத்தை எழுத வைப்பார்கள். நான்தான் பிடிக்க வேண்டும் என்று அவளும் சொல்லிவிட்டாள், நானும் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் மணலில் பழகினோம். என் கணவர் வர வழியில்லை. குறுவை அறுத்த நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் குவியலாகக் கிடந்தது. எங்கள் முறை வரவில்லை, வானம் கருத்துக்கொண்டே இருந்தது. “நான் அந்தப் பக்கம் நகந்தா நெல்லு நனைஞ்சிரும்” என்று தார்ப்பாயும் கையுமாக அங்கேயே குடியிருந்தார். எழுதுவதற்கு மட்டும் அதிலிருந்து ரெண்டு படி நெல் கொடுத்தனுப்பினார்.

லீவு கேட்டேன். “பூஜை நேரத்துல ஆளே இல்ல சிஸ்டர்” என்றார் சூப்பரண்டு மேடம். சரி, முதல்நாள் நைட் டூட்டியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். காலை ஏழரைக்கு ரிலீவர் வந்தால் ஒன்பது மணிக்கு வீட்டில் இருப்பேன். பத்தரைக்குத்தான் நல்ல நேரம். கணக்கு கச்சிதம்.

ரிலீவர் நன்னிலத்துப் பெண், என்னைவிடச் சின்னவள். “காலைல டயத்துக்கு வந்துருடி, மறந்துராத” என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. எங்கள் வார்டுகளில் யாரும் பிள்ளையைக் காரணம் சொல்ல மாட்டோம். சொன்னால் ‘அவளுக்கு எப்பப் பாத்தாலும் புள்ள சாக்கு’ என்று முத்திரை குத்திவிடுவார்கள். அதனால் பல்வலி என்போம், பஸ் பஞ்சர் என்போம். பெற்ற பிள்ளையை மட்டும் களவுப் பொருள் மாதிரி ஒளித்து வைப்போம். நானும் ஒளித்தேன்.

ஏழரை ஆனது. ஏழே முக்கால். எட்டு. எட்டு அடித்து ஐந்து நிமிஷத்தில் அவளிடமிருந்து போன்.

“அக்கா, கோச்சிக்காதீங்க. நான் இன்னும் ஊர்லதான் இருக்கேன். எம் பையனுக்கு இன்னிக்கு நெல்லுல எழுதுறாங்க. பத்தரைக்குத்தான் நல்ல நேரமாம். லீவு கேட்டா தர மாட்டாங்கன்னு வாயே தொறக்கல. முடிஞ்சதும் ஓடி வந்துர்றேன்க்கா.”

‘எனக்கும்தாண்டி, பாவி!’ தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நன்னிலத்திலிருந்து அவள் அந்த நிமிஷமே கிளம்பினாலும் வந்து சேரப் பத்தரை ஆகும். அவள் பையனுக்கும் இல்லாமல், என் மகளுக்கும் இல்லாமல் போகும். அவ்வளவுதானே நடக்கும்?

“முடிச்சிட்டு வா” என்றேன். போனை வைத்துவிட்டு மருந்து டிராலியை ஓங்கி ஒரு உதை விட்டேன். வலித்தது கால்தான்.

மேடத்துக்குப் போன் அடித்தேன். “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சிஸ்டர்” என்றார். இந்த ‘அட்ஜஸ்ட்’டைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால் பெரிய ஊசியாகப் பார்த்துப் போடுவேன். பேசாமல் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. பத்துப் படுக்கை. முதல்நாள் ஆபரேஷன் ஆனவர் ஒருவர், ஆக்ஸிஜனில் ஒரு பாட்டி. விட்டுவிட்டு எப்படிப் போவது? ஜன்னல் வழியாக ரோடு தெரியும். திருவையாற்று பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன, பாதிக்குப் பாதி காலியாக. ஒவ்வொரு பஸ்ஸையும் திட்டினேன்.

அக்காவுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். “அழுவாத. நான் கூட்டிட்டுப் போறேன். போன்ல காட்டுறேன், பாரு” என்றார்.

பத்தே முக்காலுக்கு வீடியோவில் வந்தார்கள். தாம்பாளம் தெரிந்தது. எங்கள் வயல் நெல். புதுக் கவுனில் என் மகள், நெற்றி நிறையச் சந்தனம். “அம்மா, நீ எப்ப வருவ?” என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல்: “சிஸ்டர், டிரிப்ஸ்ல ரத்தம் ஏறுது, ஓடியாங்க!” போனை மேஜையில் சாய்த்து வைத்துவிட்டு ஓடினேன். அதைச் சரிசெய்வதற்குள் பாட்டியின் மூக்குக் குழாய் நழுவியிருந்தது. திரும்பி வந்தபோது போனில் பள்ளிக்கூடத்து ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ கைதட்டினார்கள். எழுதி முடித்துவிட்டாள். மருந்து ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதற்கும் ரெண்டு நிமிஷம்தான் கிடைத்தது, மணி அடித்துவிட்டார்கள்.

ரிலீவர் ஒரு மணிக்கு வந்தாள். வேர்த்து விறுவிறுத்து, கையில் பொரி கடலைப் பொட்டலத்தோடு. “அழகா எழுதிட்டான்க்கா! கைய விடுன்னு சொல்லி அவனே எழுதினான்” என்றாள். அந்த முகத்தைப் பார்த்து எப்படிக் கோபப்படுவது? ஆனாலும் கோபம் இருந்தது, ஒரு துளிகூடக் குறையவில்லை. ஓவர் கொடுத்தேன்.

“கண்ணு ஏன்க்கா இப்படிச் செவந்திருக்கு?”

“நைட் டூட்டில்ல.”

அப்போதும் சொல்லவில்லை. பொரியை வாயில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

வீட்டுக்குப் போகும்போது ரெண்டரை. அக்கா வாசலில் நின்றிருந்தார். முதல்முறையாக அவருக்கு ஓவர் கொடுக்க வாய் வரவில்லை. சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, “டீச்சரு இவகிட்ட, அம்மா வரலியாம்மான்னு கேட்டாங்க” என்றார்.

“என்ன சொன்னா?”

“என்னக் காட்டி, ‘இவங்கதான் எங்கம்மாவோட ரிலீவர்’னுட்டா. எல்லாரும் ஒரே சிரிப்பு.”

நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

உள்ளே மகள் முறத்தில் மிச்ச நெல்லைக் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் விரலைப் பிடித்தேன். “வாடி தங்கம், அம்மாவும் நீயும் இன்னொரு தடவ எழுதலாம்.” அவள் விரலை உருவிக்கொண்டாள். கோபத்தில் இல்லை. என் முகத்தையே உற்றுப் பார்த்து, கண்ணுக்குக் கீழே தொட்டாள். பிறகு வாசலில் நின்ற அக்காவைக் காட்டினாள்.

“ரிலீவர் வந்தாச்சும்மா. நீ போலாம்.”

காலை ஏழரையிலிருந்து யாராவது வந்து அதைச் சொல்ல மாட்டார்களா என்றுதான் தவித்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லிவிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. முறத்துக்கு இந்தப் பக்கம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்து அவள் விரலைப் பிடித்தார். இரவு ஏழரைக்கு எனக்கு மறுபடியும் டூட்டி இருந்தது.