முதலை பார்க்கப் போன எடை

கிருபாசங்கர் உடுமலைப்பேட்டைத் தனியார் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியர். விளையாட்டு பீரியடைக் கணக்கு டீச்சருக்குத் தாரை வார்ப்பதுதான் அவர் செய்த வேலை. மைதானத்தில் பிள்ளைகள் ஓடி யாரும் பார்த்ததில்லை. பள்ளிப் பேருந்துகள்தான் அங்கே நின்றன.

பிள்ளைகளில் எத்தனை பேருக்கு எடை அதிகம் என்று கணக்கெடுக்க மருத்துவக் குழு வருவதாகத் தகவல் வந்தது. மனுஷனுக்கு உள்ளூரக் குஷி. உண்மை வெளியே வந்தால் பெற்றோர் பதறுவார்கள், பீரியட் திரும்பக் கிடைக்கும், தானும் ஒரு வாத்தியார் ஆகலாம்.

தாளாளர் லட்சுமணசாமி கூப்பிட்டார். "ஏனுங்க சார், அட்மிஷன் நேரம். குண்டுப் பசங்க பள்ளிக்கூடம்னு பேர் வந்தா நல்லாவாங்க இருக்கும்? கொஞ்சம் பூசுனாப்புல இருக்கறவங்களையெல்லாம் அன்னைக்கு அமராவதி அணைக்குக் கூட்டிட்டுப் போயி, முதலையைக் காட்டிப்போட்டு வாங்க."

"ஆகட்டுங்க" என்றார் கிருபாசங்கர். எங்கள் ஊரில் முதலாளியிடம் முடியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு. பொய் சொன்னால் அப்படியொன்றுமில்லை.

வகுப்பு வகுப்பாகப் போய்க் கண்ணாலேயே எடை போட்டுப் பொறுக்கினார். ஒரு பஸ் போதவில்லை, இன்னொன்றும் கிளம்பியது. வழியில் பப்ஸும் ஐஸ்கிரீமும் பள்ளிச் செலவு.

பெஞ்சுகள் ஏன் காலி என்று மருத்துவக் குழு கேட்டது. கல்விச் சுற்றுலா என்றார்கள். இளநீர் வந்தது, கேள்வி போய்விட்டது. மிச்சமிருந்த ஒல்லிகளை நிறுத்தி எடை பார்த்துவிட்டுக் குழு கிளம்பியது.

சாயங்காலம் சாந்தாமணி என்ற தாயார் போனில் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க சார், பஸ்ஸுல போனதெல்லாம் நல்லா தேறுன புள்ளைங்களாமா? என்ர பையன் மட்டும் நோஞ்சானுங்களா, உட்டுப்போட்டுப் போயிட்டீங்க? தெனம் நெய் ஊத்தித்தானுங்க சோறு போடறேன்!" அடுத்த தடவை கட்டாயம் கூட்டிப்போகிறேன் என்று கிருபாசங்கர் மன்னிப்புக் கேட்டார். வெட்கக்கேடு.

முடிவு வந்தது. அதிக எடை உள்ள பிள்ளை ஒன்றுகூட இல்லை. வாசலில் பேனர் கட்டிய கையோடு, தாளாளர் கிருபாசங்கரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்.

"நம்ம பசங்க எல்லாம் கச்சிதமா இருக்காங்கன்னு டாக்டருங்களே சொல்லிப்போட்டாங்க. அப்புறம் விளையாட்டு பீரியட் எதுக்குங்க? அடுத்த மாசத்துலருந்து நீங்க சிரமப்பட்டு வர வேண்டாமுங்க."

கிருபாசங்கர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"காப்பி ஆறுதுங்க சார், குடிங்க" என்றார் தாளாளர்.