லம்ப்ருஸ்கோவுக்குத் தமிழில் என்ன?

ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லும் வேலையில் ஒரு சங்கடம் உண்டு: சரியாகச் சொன்னால் நாம் அங்கே இருந்ததே யாருக்கும் நினைவிருக்காது, தப்பாகச் சொன்னால் நம்மைத் தவிர வேறு யாரும் கண்ணில் படமாட்டார்கள். தமிழ் தெரியாத சம்பந்திக்கும் சொந்த மாமாவுக்கும் நடுவில் உட்கார்ந்து பேச்சை இப்படியும் அப்படியும் தூக்கிப் போட்ட அனுபவம் உங்களுக்கு இருந்தால், என் பாடு புரியும்.

அறுபதுகளின் கடைசியில் நான் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் டைப்பிஸ்ட். தரையில் பதிக்கும் டைல்ஸ் சுடுவதற்குப் புதிதாகச் சூளை கட்டினார்கள். அதை ஓட்டிக் காட்ட இத்தாலியிலிருந்து பாவ்லோ என்பவர் வந்தார். மோடெனா நகரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். அந்தப் பக்கம் பாதிப் பேருக்கு டைல்ஸ் கம்பெனி, பாதிப் பேருக்குத் திராட்சைத் தோட்டம். இவர் சூளை, இவருடைய அப்பா தோட்டம். பாவ்லோவுக்கு இங்கிலீஷில் ஒரு இருநூறு வார்த்தை தெரியும். எங்கள் ஆட்களுக்கு அதுவும் தெரியாது. ஆகவே மேனேஜர் என்னை மெஷினை மூடி வைக்கச் சொல்லிச் சூளைப் பக்கம் அனுப்பினார். சூளை ஆட்கள் ஒரே நாளில் அவரைப் பாலு சார் ஆக்கினார்கள், என்னை டைப்பம்மா ஆக்கினார்கள்.

ஸ்டோரில் இல்லாத பொருள்

வந்த இரண்டாம் நாள் மத்தியானம், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துவிட்டு பாலு சார் என்னிடம் “லம்ப்ருஸ்கோ?” என்றார். காலையிலிருந்து அவர் இந்த மாதிரிப் பெயராகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார், எல்லாமே சூளைக்கு வேண்டிய பாகங்கள். இதுவும் அப்படித்தான் என்று, ‘லம்ப்ருஸ்கோ, ஒன்று, அவசரம்’ என்று டைப் அடித்து ஸ்டோருக்கு அனுப்பிவிட்டேன். ஸ்டோர்கீப்பர் நடேசன் அலமாரி முழுக்கத் தேடிவிட்டு, மெட்ராஸில் ஒரு மெஷின் சாமான் கடைக்குக் கடிதமும் போட்டார்.

ஒரு வாரம் கழித்து பாலு சார் ஒரு டைல்ஸைத் திருப்பி, சாக்பீஸால் கிளாஸ் வரைந்து, மேலே நுரையும் போட்டுக் காட்டினார். அது அவர் ஊர் ஒயின். சிவப்பாக இருக்கும், ஊற்றினால் கோலி சோடா மாதிரிப் பொங்கி அடங்கும், கொஞ்சம் துவர்க்கும். நமக்குச் சாப்பாட்டில் மோர் எப்படியோ அங்கே அது அப்படி. அதற்குள் மெட்ராஸ் கடையிலிருந்து பதில் வந்துவிட்டது: ‘தற்சமயம் கையிருப்பில் இல்லை, அடுத்த மாதம் வரும்.’ வேண்டாம் என்று எழுதிவிடட்டுமா என்று நடேசனைக் கேட்டேன். அவர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “வேணாம்னு அப்பறம் சொல்லிக்கலாம்மா. மொதல்ல வரட்டும், எப்படித்தான் இருக்குதுன்னு பாப்போம்.”

மது வகை

மதுவிலக்கு இருந்த காலம். வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும் பர்மிட் கொடுப்பார்கள். விண்ணப்பத்தில் ‘மது வகை’ என்று ஒரு கட்டம் இருந்தது. லம்ப்ருஸ்கோ என்று எழுதப் போனேன், பாலு சார் தடுத்தார். லம்ப்ருஸ்கோ ஒன்றல்லவாம், அது ஒரு குடும்பத்தின் பெயராம். அதில் முக்கியமானவை மூன்று. சொர்பாரா வெளிர் ரோஸ், பூ வாசனை. சலாமினோ அதைவிட அடர்த்தி, அதிகம் காய்க்கும். கிராஸ்பரோஸா குன்றுப் பக்கத்துத் திராட்சை, மூன்றில் கறுத்த சிவப்பு அதுதான். இலையுதிர் காலத்தில் கொத்தின் காம்புகூடச் சிவந்துவிடும். கட்டத்தில் இடம் போதாமல் தனித்தாளில் டைப் அடித்து இணைத்தேன்.

மெட்ராஸில் அந்த ஒயினே கிடைக்காது என்று பிற்பாடுதான் தெரிந்தது. அன்றைக்கு அது தெரியாமல், நடேசனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பர்மிட் ஆபீசுக்குப் போய், புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றேன். குமாஸ்தா என் தாளை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். “இத்தனை வருஷத்துல சாராயத்தால அழுதுகிட்டு வந்த பொம்பளைங்களத்தாம்மா இங்க பாத்திருக்கேன். வேணும்னு விண்ணப்பம் எழுதிகிட்டு வந்தது நீங்கதான் மொத ஆளு.”

கரீம் பாய் கடை

ஒயின் இல்லை என்றானதும், திராட்சையாவது பார்க்கலாம் என்று கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனேன். கரீம் பாய் பழக்கடையில் பன்னீர் திராட்சை இருந்தது. பாலு சார் ஒன்றைப் பிய்த்து முகர்ந்தார். கடித்து, கொட்டையை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார். தோலை நகத்தால் உரித்து வெளிச்சத்தில் பிடித்தார். பாய் முகம் சுருங்கியது. நல்லவேளை, பாலு சார் சிரித்துவிட்டு, இது எங்கள் மொஸ்காத்தோ திராட்சைக்குச் சொந்தம், ரோஜா வாசனை வருகிறதே என்றார். பாய் குளிர்ந்துபோய் இன்னொரு கொத்தை நீட்டினார்.

அத்தோடு விட்டிருக்கலாம். பாலு சார் தன் ஊர் சலாமினோவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று விளக்க ஆரம்பித்தார். கொத்து நீளமாக, உருளையாக, சின்ன ‘சலாமி’ மாதிரி இருக்குமாம். சலாமி என்றால் என்ன என்று கேட்டேன். பன்றிக்கறியைக் குடலில் அடைத்துச் செய்வது என்றார். பாய் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்றி என்று அவரிடம் எப்படிச் சொல்ல? மக்காச்சோளக் கதிர் மாதிரி இருக்குமாம் என்று சொல்லி வைத்தேன். பாய் யோசித்தார். “சோளம் வேணாம்மா, மணி பெருசாத் தெரியும். நல்லா பிடிச்ச கம்பங்கதிருன்னு சொல்லுங்க, கொத்து அப்படித்தான் இருக்கும்.”

பூ கொட்டும் கொடி

டைல்ஸ் மேல் பூசும் கிளேஸைக் கலக்குகிறவள் அஞ்சலை. கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. அந்த மாசம் அவள் வீட்டில் புருஷனுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று பேச்சு எழுந்திருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பாலு சாருக்குத் தெரியாது.

டீ குடிக்கும் நேரத்தில் அவர் அப்பாவிடமிருந்து வந்த கடிதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வருஷம் சொர்பாராவுக்குப் பூ நிறையக் கொட்டிவிட்டதாம். அந்தக் கொடியைத் தனியாக நட்டால் அப்படித்தானாம், அதன் மகரந்தம் அதற்கே உதவாது. அதனால் பக்கத்து வரிசையில் சலாமினோவை நடுவார்கள். அங்கிருந்து காற்றில் வரும் மகரந்தத்தில்தான் இது காய் பிடிக்கும்.

அஞ்சலை வாளியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “பூ கொட்டுதுன்னா அந்தக் கொடிய வெட்டிப் போட்டுடுவாங்களாக்கா, கேளுங்க” என்றாள். கொடியைப் பற்றி மட்டும் கேட்டேன். பாலு சார் ஆச்சரியமாகப் பார்த்தார். “ஏன் வெட்ட வேண்டும்? கொடியில் குறை இல்லை. அப்பா முதலில் பக்கத்து வரிசையைத்தான் போய்ப் பார்ப்பார். அவருக்கு மூன்றிலும் பிடித்தது சொர்பாராதான்.” ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அவளிடம் சொன்னேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள். அப்புறம் சொன்னாள்: “இத எங்க மாமியாருகிட்ட நீங்க வந்து இங்கிலீஷுல சொல்லுங்கக்கா. தமிழ்ல நான் சொன்னா நம்ப மாட்டாங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். தமிழில்தான் சொன்னேன். அடுத்த வாரம் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கடலூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்கள். வழியனுப்ப வந்த மாமியார் என்னிடம், “ரெண்டு பேரையும் பாக்கணும்னு டாக்டருக்கு ஒரு சீட்டுல எழுதிக் குடும்மா” என்றார்.

நாக்கு

ஒரு பெரிய ஓட்டல் கட்டுகிறவர்கள் அடர்சிவப்பு டைல்ஸ் கேட்டிருந்தார்கள். பாலு சார், “கிராஸ்பரோஸா நிறம்” என்றார். எங்கள் ஊரில் யார் அதைப் பார்த்தார்கள்? கறுத்த திராட்சைதானே என்று நான் நாவல்பழ நிறம் என்று சொல்லிவிட்டேன். சூளையிலிருந்து வந்த டைல்ஸ் கரிச்சட்டி மாதிரி இருந்தது. முதலாளி வந்து பார்த்தார். இன்னும் ஒரு தடவை பார்ப்பேன், சரிவராவிட்டால் புதுச் சூளையை அணைத்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிப் போனார். அதை நம்பி நாற்பது பேர் இருந்தார்கள். தப்பு என் வார்த்தையில்.

மறுநாள் எல்லோர் முன்னாலும் பாலு சாரிடம் அதை ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. “தோல் இல்லை, உள்ளே இருக்கும் சாறு” என்று கையைப் பிழிந்து காட்டினார். ஆடி மாசம், வாசலிலேயே நாவல் மரம். அஞ்சலை நாலு பழம் பொறுக்கி வந்து வாயில் போட்டு மென்றாள், அவர் முன்னால் போய் நின்று நாக்கை நீட்டினாள். பாலு சார் குனிந்து பார்த்துவிட்டு, “கிராஸ்பரோஸா” என்றார்.

இருவரும் ஐந்து கிண்ணத்தில் கலக்கிச் சின்னத் துண்டுகளைச் சுட்டுப் பார்த்தார்கள். நாலாவது ஒத்து வந்தது. முழுச் சூளையும் ஏற்றிச் சுட்டு, டைல்ஸ் அடுக்கிய வண்டி சூளையிலிருந்து வெளியே வந்தபோது, சூளை ஏற்றுகிற கலியபெருமாள் தன் துண்டாலேயே ஒரு டைல்ஸைத் துடைத்து வெயிலில் பிடித்தார். உள்ளிருந்து சிவப்பு எழுந்து வந்தது. முதலாளி பார்த்துவிட்டு, லாரிக்குச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார். கலியபெருமாள் அஞ்சலையைத் திரும்பிப் பார்த்தார்: “நாக்க நீட்டி வேலைய கெடுத்துக்கிட்டவங்களத்தான் பாத்திருக்கேன். நாப்பது பேரு வேலைய காப்பாத்துனது நீதான் புள்ள.”

பாகு

பாலு சார் ஊருக்குப் போன அடுத்த வருஷம், யாரையோ பிடித்து இங்கிலீஷில் எனக்கு ஒரு கடிதம் எழுதினார். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் உட்கார, படித்துச் சொன்னேன். அறுவடை நன்றாக இருந்ததாம். பிழிந்த சாற்றில் கொஞ்சத்தை ஒயினுக்கு விடாமல் பெரிய செப்புக் கொப்பரையில் ஊற்றி, நாள் முழுக்கக் கிண்டிக் கிண்டிக் கறுப்பாகக் குழம்பாகும்வரை காய்ச்சினார்களாம். குழந்தைகள் கரண்டியை வழித்து நக்குமாம்.

கலியபெருமாளுக்குப் பெண்ணாடம் பக்கம் ஊர், கரும்புக் கொல்லையில் வளர்ந்தவர். சோற்றுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு, எவ்வளவு சாற்றுக்கு எவ்வளவு இறங்கியது, என்ன விறகு, பொங்கினால் என்ன போடுவார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதெல்லாம் கடிதத்தில் இல்லை. அவரே முடித்துவைத்தார்: “அதத்தாம்மா நாங்க பாகுன்னு சொல்றோம். நம்ம ஆளுங்க அங்கயும் இருக்காங்கன்னு சந்தோசமா இருக்குதுன்னு எழுதுங்க.”

அந்த மூன்று திராட்சையின் நிறம், வாசனை, குணம் எல்லாம் பேசி ஒரு சூளையையே எரியவைத்த நான் இன்றுவரை அதில் ஒரு சொட்டுகூட நாக்கில் வைத்ததில்லை, இந்தத் தொழிலில் அது ஒரு குறையும் இல்லை.